சம்பந்தியின் காடு

என் சம்பந்தியை எனக்கு ஏர்போர்ட்டிலேயே பிடிக்கவில்லை. ஆறடிக்கு மேல் உயரம், எழுபது வயதிலும் வளையாத முதுகு, ஜூன் மாதத்தில் பச்சைக் கம்பளிக் கோட்டு. கை கொடுத்தார். அவர் அழுத்திய அழுத்தத்தில் ஐந்து விரலும் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். என் மனைவியின் கைப்பையையும் சேர்த்து அவரே தூக்கிக்கொண்டு கார் வரை நடந்தார். அதுவும் பிடிக்கவில்லை.

மாப்பிள்ளை ஸ்லோவாக்கியாக்காரர். அந்த நாட்டின் நடுவில், மலைகளுக்கு இடையில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் பிறந்த ஆண் காட்டு வேலைக்குத்தான் போவான். ஒருவர் மரம் வெட்டுவார், ஒருவர் வெட்டிய மரத்தைக் குதிரை பூட்டி இழுத்து வருவார், ஒருவர் அறுவை மில்லில் நிற்பார். இவர்கள் எல்லோரையும் அதட்டுவதற்கு ஒரு ஃபாரஸ்டர் இருப்பார். எந்த மரத்தை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர்தான் முடிவு செய்து, சின்னச் சுத்தியலால் அடித்து அடையாளம் வைப்பார். என் சம்பந்தி அந்த ஃபாரஸ்டர். அவருடைய அப்பாவும் அதே வேலை, தாத்தாவும் அதே வேலை. எங்கள் கோபி, சத்தியமங்கலம் பக்கம் ஃபாரஸ்ட்காரர் வந்தாலே விறகுக்குப் போன பெண்கள் புதரில் ஒளிந்துகொள்வார்கள். எனக்கு அந்தச் சட்டையைக் கண்டாலே ஆகாது.

மகளும் மாப்பிள்ளையும் கலிஃபோர்னியாவில், சான் ரமோனில் இருக்கிறார்கள். நாங்கள் பக்கத்து ஊரான டப்ளினில். அவர்கள் வீட்டில் படுக்கையறை எல்லாம் மாடியில். சம்பந்தியம்மா காலமாகிவிட்டார். சம்பந்திக்கு முழங்கால் வலி. அதனால் பேத்தியைப் பார்க்க வந்தவர் மூன்று மாதம் எங்கள் வீட்டுக் கீழறையில் தங்குவதாக ஏற்பாடு. என்னைக் கேட்டுச் செய்த ஏற்பாடு இல்லை.

வந்த அன்றே பெட்டியைத் திறந்து ஒரு மரத்துண்டை எடுத்து என் மனைவியிடம் கொடுத்தார். தோசைக்கல் அளவுக்கு வட்டமான பலகை, நன்றாக இழைத்தது. கிறிஸ்துமஸுக்கு இங்கே வீட்டுக்குள் வைக்கிறார்களே, அந்த ஜாதி ஊசியிலை மரம். வீட்டுக்குப் பின்னால் இருந்த மரமாம். பட்டையைச் சுத்தமாக உரித்துவிட்டுக் கொண்டுவந்திருந்தார். வட்டத்தின் ஓரத்தில் சாம்பல் கலந்த நீலத்தில் கோடுகள் ஓடின.

"ஏங்க, இந்த நீலத்தைப் பாருங்க, பெயின்ட் அடிச்சாப்பல எவ்வளவு அழகா இருக்குது!" என்றாள் மனைவி. அதைக் கொண்டுபோய் ஹாலில், என் அப்பா படத்துக்குக் கீழே வைத்தாள்.

எனக்கு இருபத்திரண்டு வருடமாகக் காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. கூரை பறந்துவிட்டது, மரம் சாய்ந்துவிட்டது, வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று ஜனங்கள் அனுப்பும் போட்டோக்களைப் பார்த்து, எது நிஜம், எது ஜோடித்தது என்று சொல்ல வேண்டும். ஆளை விட்டுவிட்டுப் படத்தைப் பார்க்கிற புத்தி அப்படித்தான் எனக்கு வந்தது. அந்தப் புத்தியைப் பற்றி அப்போது எனக்கு ரொம்பப் பெருமை.

இரண்டாவது வாரம் மகள் குழந்தையோடு வந்தாள். குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். டோன்ட் ஃப்ரீக் அவுட், ஓகே?"

"சொல்லு."

"வி ஆர் திங்க்கிங் ஆஃப் மூவிங். அவர் ஊருக்கு. ஜஸ்ட் டூ, த்ரீ இயர்ஸ்."

அங்கே குழந்தைக்கு மூன்று வயது ஆகும்வரை அம்மா வீட்டில் இருக்கலாமாம். மாப்பிள்ளை அங்கிருந்தே வேலை பார்க்கலாமாம். இங்கே டேகேரில் வெயிட்டிங் லிஸ்ட் நகரவே இல்லை. மாமனார் வீடு பெரிசு, பின்னாலேயே காடு. ஆகஸ்ட் கடைசிக்குள் இங்கே வீட்டு லீஸை ரின்யூ பண்ண வேண்டும், அதற்குள் முடிவு செய்துவிடுவார்கள்.

"அவர் என்ன சொல்றார்?" என்று கீழறைப் பக்கம் கண்ணைக் காட்டினேன்.

"அவரா? ஹி ஜஸ்ட் சேஸ், உங்க இஷ்டம்னு. நத்திங் எல்ஸ். அப்பா, இட்ஸ் ஃபிஃப்டி ஃபிஃப்டி. இன்னும் எதுவும் டிசைட் பண்ணல."

உங்கள் இஷ்டம். எனக்கு எரிந்தது. காரியத்தை முடிக்க நினைக்கிறவன் பேசுகிற பேச்சு அது. மூன்று மாதம் எதற்கு வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆள் பிடிக்க வந்திருக்கிறார். எனக்கு இருப்பது ஒரே மகள். பேத்திக்கு அப்போது எழுபது நாள். தூக்கினால் என் சட்டைப் பையைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் குழந்தையைக் கொண்டுபோய் எந்தக் காட்டிலோ வளர்ப்பதற்கு நான் விடுவதாக இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் சண்டை நடந்தது. சத்தமில்லாத சண்டை. மகள் குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டுப் போகும் நாட்களில், அவர் வந்து எட்டிப் பார்த்தால், "ஸ்லீப்பிங்" என்று சொல்லிக் கதவைச் சாத்துவேன். குழந்தை உள்ளே காலை உதைத்துக்கொண்டு விழித்திருக்கும். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் நான் ஆபீஸ் காலில் இருந்த நேரம் பார்த்து, பின்கட்டில் இருந்த என் எலுமிச்சை மரத்தைப் பாதியாகக் கழித்துவிட்டார். கேட்கவில்லை, கொள்ளவில்லை. கத்தரிக்கோலைத் துடைத்து எண்ணெய் போட்டு அதே இடத்தில் வைத்திருந்தார்.

"என் மரம்! என்னைக் கேக்காம எப்படித் தொடலாம்?" என்று நான் தமிழிலேயே கத்தினேன்.

"ட்ரீ சிக்," என்று அவர் மரத்தைக் காட்டினார். "நௌ குட்."

"அந்த எலுமிச்சை நாலு வருசமா காய்க்கவே இல்லைங்க. அவரு தொட்டதுக்கா இந்தக் குதி குதிக்கிறீங்க?" என்றாள் மனைவி. என் வீட்டிலேயே அவருக்கு ஆள் இருந்தது. காலையில் ஐந்து இட்லி, பதினோரு மணிக்குக் காபி, மாலையில் முறுக்கு. பிளாக் பாரஸ்ட் கேக் தவிரக் காடு என்று எதையும் பார்த்திராதவள், அவர் விரலால் வரைந்து காட்டும் மரங்களின் பெயரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சனி, ஞாயிறுகளில் மகளும் மாப்பிள்ளையும் வந்ததும் அவர் ஒரு பென் டிரைவை எடுத்து என் டிவியில் செருகுவார். ஊர்ப் படங்கள். கூரைக்குக் கீழே சுவரை மறைத்து அடுக்கிய விறகு, ஒவ்வொரு அடுக்கின் மேலும் சாக்பீஸால் எழுதிய வருடம். காட்டுக்குள் மரம் ஏற்றி வந்த குட்டி ரயில். இப்போது டூரிஸ்ட்டுகளை ஏற்றுகிறது. பழைய ரம்பங்களையும் கோடரிகளையும் மாட்டி வைத்திருக்கும் ஒற்றை அறை மியூசியம். பனி. பனிக்கு மேலே கரும்பச்சையாக, வானம் தெரியாமல், மரம், மரம், மரம். இந்தச் சரிவு முழுக்க அவருடைய தாத்தா காலத்தில் நட்டதாம்.

"வாவ்," என்பாள் என் மகள். அடுத்த வாவ் வருவதற்குள் ரிமோட்டை எடுத்து கிரிக்கெட் போடுவேன். மாப்பிள்ளை பெரிய மனதோடு, "நோ ப்ராப்ளம், மாமா," என்பார்.

ஜூலை நடுவில் ஒருநாள் மாலை, மனைவி விரட்டிவிட்டதால் அவரோடு வாக்கிங் போனேன். எங்கள் தெருவைத் தாண்டினால் நடைபாதை ஓரமாகப் பைன் மரங்கள் வரிசையாக நிற்கும். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், பேச்சில்லை. ஒரு மரத்தடியில் நின்றார். பாக்கெட்டிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து, பட்டையில் ஒரு செதிலை நெம்பி எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் உள்பக்கத்தைப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு அடுத்த மரம். அதற்கடுத்த மரம். மூன்றாவது மரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகள் இருந்தன. அவர் முகம் செத்துப்போனது. உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து மூடிக்கொண்டு நின்றார்.

"என்ன?" என்றேன்.

"நத்திங்," என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் நான் அதிகம் கேட்ட வார்த்தை அது. அந்த வார்த்தையைக் கேட்டால் ஃபைலை மூடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம்.

மறுநாள் மதியம் அவர் படுத்திருந்த நேரம், பென் டிரைவை என் கம்ப்யூட்டரில் போட்டேன். போட்டோ ஃபைலோடு அது எடுத்த நாளும் ஒட்டிக்கொண்டிருக்கும். யாரும் அழிக்க மாட்டார்கள். மக்கள், விறகு, மியூசியம், குட்டி ரயில் எல்லாம் சென்ற வருடத்தவை. காடு தெரிகிற படம் ஒன்றுகூட ஐந்து வருடத்துக்கு இந்தப் பக்கம் இல்லை. புதுப் படங்கள் எல்லாமே வீட்டுக்கு முன்னால் நின்று எடுத்தவை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலை எதிலும் இல்லை. சாட்டிலைட் படத்தில் அந்த ஊரைத் தேடி எடுத்தேன். வீட்டுக் கூரையைக் கண்டுபிடித்தேன். பின்னால் இருந்த சரிவு, மொட்டையடித்து ஒரு வாரம் ஆன தலையைப் போல, பழுப்பாக, கட்டைகள் குத்திக்கொண்டு கிடந்தது. அந்த மலை, பக்கத்து மலை, அதற்கடுத்தது.

இன்னும் ஒன்று. ஹாலில் இருந்த பலகையை எடுத்துவந்து அந்த நீலத்தைப் பற்றிப் படித்தேன். பட்டைக்கு அடியில் துளைத்து நுழையும் ஒரு வண்டு இருக்கிறது. மரத்தைக் கொல்வது அதுதான். அது தன்னோடு ஒரு பூஞ்சையையும் கொண்டுவருகிறது. பூஞ்சை ஏறிய மரம் நீலம் பாரிக்கும். என் மனைவி அழகு என்று மெச்சியது சாவின் நிறம்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. இல்லாத காட்டைக் காட்டி என் மகளைக் கூட்டிக்கொண்டுபோகப் பார்க்கிறார்!

மனைவியிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க நினைக்கறாப்பல இல்லைங்க. அவருகிட்டயே தனியாக் கேளுங்க. வூட்டுக்கு வந்த மனுசன அவரு மகன் முன்னாடி வச்சு அசிங்கப்படுத்தாதீங்க. நாளைக்கு நமக்கு மூஞ்சி வேணும்."

தனியாகக் கேட்டால் மகளுக்கு எப்படித் தெரியும்? எனக்கு மகள் பார்க்க வேண்டும். அவள் வாவ் என்று சொன்ன அதே டிவியில் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கோழிக் குழம்பு, சோறு. எல்லோரும் சாப்பிட்டு முடித்து ஹாலில் உட்கார்ந்தார்கள். அவர் வழக்கம்போல் பென் டிரைவைத் தேடினார்.

"இன்னிக்கு நான் போடறேன்," என்றேன்.

ஒரு பக்கம் அவருடைய கரும்பச்சைக் காடு, கீழே அது எடுத்த தேதி. இன்னொரு பக்கம் அதே சரிவு, வானத்திலிருந்து. ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றி மாற்றிக் காட்டினேன். ஆபீஸில் க்ளெய்மை நிராகரிக்கும்போது எப்படிப் பேசுவேனோ அதே நிதானத்தில் பேசினேன். கடைசியில் பலகையை எடுத்து டீப்பாய் மேல் வைத்தேன். "திஸ் ப்ளூ. டெல் தெம் வாட் இட் இஸ்."

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. டிவியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், அவர்கள் மொழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். சம்பந்தி தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். மாப்பிள்ளை மறுபடி கேட்டார். இந்த முறை குரல் உடைந்தது. சம்பந்தி நிறுத்தாமல் பேசினார். அந்த ஆறு வாரத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அந்த மொழியை ஓரளவு கற்றுக்கொண்டிருந்த மகள் எங்கள் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள். "ஃபோர் இயர்ஸ் முன்னாடி பெரிய காத்து. நிறைய மரம் விழுந்துச்சு. அப்புறம் பீட்டில்ஸ். ஒரு மரத்துல வந்தா சுத்தி இருக்கறத எல்லாம் வெட்டணுமாம். ஊர்ல ஆள் பத்தாம இவரை ரிட்டயர்மென்ட்லேர்ந்து திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. இவர்தான் ஒவ்வொரு மரமா மார்க் பண்ணியிருக்கார். தாத்தா நட்டது எல்லாத்தையும். அத்தையோட க்ரேவ் காட்டுக்குள்ள இருக்குமில்ல? இப்ப அங்க நின்னா பக்கத்து ஊர் தெரியுதாம், அப்பா."

வீடியோ காலில் அவர் எப்போதும் சமையலறைச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துதான் பேசுவாராம். ஜன்னல் தெரியக் கூடாது என்று. விசா சிக்கல், பிறகு கல்யாணம், பிறகு குழந்தை என்று மாப்பிள்ளை ஐந்து வருடமாக ஊருக்குப் போகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் காடு எப்படி இருக்கிறது என்று கேட்பாராம். நன்றாக இருக்கிறது என்று இவர் சொல்வாராம்.

மாப்பிள்ளை எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனாள். சம்பந்தி என்னைப் பார்க்கவே இல்லை. பென் டிரைவைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கீழறைக்குப் போனார். மனைவி என்னிடம் பேசாமல் பாத்திரம் கழுவினாள்.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காடு இல்லை, இனி எதற்குப் போவார்கள்? அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன்.

புதன்கிழமை லஞ்ச் நேரத்தில் மாப்பிள்ளை மட்டும் காரை எடுத்துக்கொண்டு வந்தார். கண் வீங்கியிருந்தது. காபி வேண்டாம் என்றார். என் எதிரில், மகள் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மாமா, வி டிசைடட். செப்டம்பர்ல அப்பா கூடவே நாங்களும் போறோம்," என்றார். என் மகள் சொல்லிக் கொடுத்த தமிழும் ஆங்கிலமும் கலந்து அவர் பேசியதன் சாரம் இதுதான். நல்ல காடு, நல்ல காற்று என்று யோசித்தபோது போகலாமா வேண்டாமா என்று இருந்தது. அப்பா நான்கு வருடம் அந்த மொட்டை மலைக்குக் கீழே தனியாக உட்கார்ந்து பொய் சொல்லிக்கொண்டிருந்தார் என்று தெரிந்த பிறகு யோசிக்க எதுவும் இல்லை. மகளும் ஒரே வார்த்தையில் சரி என்றுவிட்டாளாம். இரண்டு வருடமா, மூன்று வருடமா என்று நான் கேட்டேன். தெரியாது என்றார்.

எழுந்தவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தேங்க் யூ, மாமா. நீங்க காட்டலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

அவர் மனதாரச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் காலை பின்கட்டில் சம்பந்தி தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எதிர் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். மரியாதையாக இல்லை; உட்கார் என்பதுபோல. போனை எடுத்து அதனிடம் தன் மொழியில் பேசினார். போன் ஒரு பெண் குரலில், செய்தி வாசிப்பது போன்ற சுத்தத் தமிழில் சொன்னது:

"நீங்கள் முட்டாள். நான் அந்தப் படங்களைக் காட்டியது அவன் வருவதற்காக அல்ல. எனக்கு ஒரு குறையும் இல்லை என்று அவன் நம்பினால் இங்கேயே இருந்துவிடுவான் என்பதற்காக."

அவர் மறுபடி பேசினார்.

"வராதே என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். அதனால் உங்கள் விருப்பம் என்றேன். எங்கள் ஊரில் பள்ளி மூடிவிட்டது. மில் மூடிவிட்டது. இளைஞர் எவரும் இல்லை. அங்கே ஒரு குழந்தைக்கு என்ன இருக்கிறது? நான் இங்கே வந்ததே அவனை இங்கே இருக்கச் செய்வதற்காக. உங்கள் மனைவியிடம் எல்லாவற்றையும் விரலால் வரைந்து சொன்னேன். அவர் உங்களிடம் சொல்லவில்லையா?"

அவள் சொல்லியிருப்பாள். நான் கேட்டிருக்க மாட்டேன்.

கோபியில் என் அப்பா கடைசியாகப் படுத்த படுக்கையாக எட்டு மாதம் கிடந்தார். நான் அமெரிக்கா வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஞாயிறு தோறும் போன் செய்வேன். "எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்கறேன். தோட்டத்துலருந்து இப்பத்தான் வந்தேன். நீ வேலையப் பாரு," என்பார். கட்டிலில் படுத்துக்கொண்டு, ரிசீவரை அம்மா பிடித்துக்கொள்ள, அப்படிச் சொல்வாராம். காரியத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது. அந்தக் குரல் இளைத்துக்கொண்டே வந்தது எனக்குக் கேட்காமல் இல்லை. ஊரான் போட்டோவில் ஒரு ஓடு விலகியிருந்தால் கண்டுபிடிக்கிறவன், அந்தக் குரலை மட்டும் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் போக வேண்டியிருக்கும். மாப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது, புதன்கிழமைக்குள் முடிவு செய்துவிட்டார்.

சம்பந்தி போனை என் வாய்க்கு நேராக நீட்டினார். பேசு என்று தாடையால் காட்டினார்.

"என்னாலதான் போறாங்க," என்றேன். "நான்தான் கெடுத்துட்டேன்."

போன் அதை அவருடைய மொழியில் சொன்னது. அவர் முழுவதும் கேட்டார். இல்லை, அப்படி நினைக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். நானாக இருந்தால் உபசாரத்துக்காவது சொல்லியிருப்பேன்.

"யெஸ்," என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார்.